நிரைக்கு நிறமிட்டு அறுவடை நாளை அறிதல்

(மரக்கறி, நெற்செய்கைக் கமக்காரருக்கான விளக்கம்: விரிதாளில் நிபந்தனைப்படி நிறமிடும் முறை)

நுவரெலியா மாவட்டத்தின் உயர்ந்த பகுதிகளான சீத்தா எலியா, கந்தப்பளை, நானு ஓயா, இராகலை முதலிய இடங்களிலும், தேயிலைத் தோட்டங்களில் லயன்களை அடுத்துள்ள சிறு காணிகளிலும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா, பீற்றூட், போஞ்சி ஆகிய மரக்கறிகள் செய்கை பண்ணப்படுகின்றன. இப்பயிர்களுக்கு உகந்த குளிரும் ஈரமும் நோய்களுக்கும் உகந்தனவாம். உருளைக்கிழங்கின் பின்வெளிறல் நோய் இத்தகைய காலநிலையிலேயே விரைந்து பரவும். 1845 ஆம் ஆண்டு தொடக்கம் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்து, ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களின் மரணத்துக்குக் காரணமாயிருந்த பெரும் பஞ்சத்தை விளைவித்ததும் இந்நோயே. ஆகவே, மலைநாட்டுக் கமக்காரர் மழைக்காலத்தில் அடிக்கடி மருந்து தெளிக்க வேண்டியவராகின்றார்.

மருந்து தெளித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே விடவேண்டிய காலம் ஒன்றுண்டு. அக்காலத்தின் அளவு மருந்துப் புட்டியின் அல்லது பொதியின் சுட்டுத்துண்டில் அச்சிடப்பட்டிருக்கும். வெயில், மழை, பயிரின் வளர்ச்சி ஆகியவற்றால் மருந்து சிதைந்து, உண்பவருக்குத் தீங்கு செய்யாத அளவுக்குக் குறைவதற்கு இக்காலம் தேவைப்படுகின்றது. பயிரினுள் ஊடுருவும் மருந்துகளைக் கழுவுவதால் நீக்க முடியாது. எனவே, இவ்விடைக்காலத்தைக் காப்பது மரக்கறியை வாங்குவோருக்கு மட்டுமன்றி, அதையே சமைத்துண்ணும் கமக்காரரின் குடும்பத்துக்கும் உரிய பாதுகாப்பாகும்.

ஆயினும் நடைமுறையில் இது தவறுவது எளிது. ஒரே குடும்பம் பத்துப் பன்னிரண்டு சிறு துண்டுகளில் வெவ்வேறு பருவத்துப் பயிர்களை வைத்திருக்கும். தெளிப்பவர் ஒருவர், பறிப்பவர் வேறொருவர். பேலியகொடைக்கோ தம்புள்ளைக்கோ செல்லும் லொறி மாலையில் வந்து நிற்கும். அன்றைய விலையும் நன்றாயிருக்கும். எந்தத் துண்டுக்கு என்று மருந்து தெளிக்கப்பட்டதென்பதை அவ்வேளையில் நினைவிலிருந்து சொல்வது நம்பத்தக்கதன்று. கணினியிலோ கைத்தொலைபேசியிலோ வைத்திருக்கும் விரிதாள் கணக்கு இதற்கு நல்ல துணையாகும். நாளைப் பார்த்துத் தானே நிறம் மாறும்படி அக்கணக்கை அமைப்பது எவ்வாறு என்பதை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. கையால் நிறமிடுதல் ஏன் போதாது

விரிதாள் என்பது நிரைகளும் நிரல்களும் கொண்ட கணக்குத் தாளே. 1979 ஆம் ஆண்டில் விசிகால்க் என்னும் பெயரில் வெளிவந்த விரிதாள், சிறு கணினிகளுக்குரிய முதலாவது விரிதாளாகக் கருதப்படுகின்றது. இன்று எக்செல், கூகிள் ஷீட்ஸ் ஆகியன பெருவழக்கிலுள்ளன.

பலர் இத்தாளில் தாம் விரும்பிய நிரையைத் தெரிந்து, கையால் நிறம் பூசி வைப்பர். இவ்வாறு பூசிய நிறம் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். காத்திருக்க வேண்டிய காலம் கழிந்த பின்னரும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். பச்சையாகப் பூசிய துண்டுக்கு மறுநாள் மருந்து தெளித்தாலும் அது பச்சையாகவே இருக்கும்.

நிபந்தனைப்படி நிறமிடும் முறையில் கமக்காரர் நிறத்தைப் பூசுவதில்லை. விதியை மட்டும் எழுதி வைக்கின்றார். கணக்கைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் அவ்விதியை அன்றைய தேதியோடு ஒப்பிட்டு, கணினியே நிறத்தை மாற்றும். எக்செல்லில் இவ்வசதி 1997 ஆம் ஆண்டுப் பதிப்பில் மூன்று விதிகள் வரையே இடமளித்தது. 2007 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வரையறை நீக்கப்பட்டது.

2. தாளை அமைத்தல்

முதலாவது நிரையில் தலைப்புகளை எழுதுக. தாளின் நிரல்கள் ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்டிருக்கும். அவற்றைப் பின்வருமாறு பயன்படுத்துக:

ஏ நிரல்: துண்டின் இலக்கம்
பி நிரல்: பயிர்
சி நிரல்: மருந்து தெளித்த நாள்
டி நிரல்: மருந்தின் பெயர்
ஈ நிரல்: சுட்டுத்துண்டிற் கூறப்பட்ட காத்திருப்பு நாட்கள்
எஃப் நிரல்: அறுவடைக்குரிய முதல் நாள்
ஜி நிரல்: அறுவடை செய்து முடித்த நாள்

ஒவ்வொரு தெளிப்புக்கும் ஒரு புதிய நிரை எழுதப்படல் வேண்டும். பழைய தெளிப்பின் நிரையை அழித்து அதன்மேல் எழுதலாகாது.

எஃப் நிரலைக் கையால் நிரப்ப வேண்டியதில்லை. இரண்டாம் நிரையின் எஃப் கலத்தில் =சி2+ஈ2 எனச் சூத்திரம் இட்டு, அதைக் கீழ்நோக்கி 200 ஆம் நிரை வரை நகல் செய்க. இங்கும் பின்னரும் சூத்திரங்கள் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் தட்டும்போது அவ்வெழுத்துகளை ஆங்கிலத்திலேயே தட்டுக.

தேதியோடு நாட்களைக் கூட்ட முடிவது எவ்வாறு எனில், விரிதாள் ஒவ்வொரு தேதியையும் ஓர் எண்ணாகவே வைத்திருக்கின்றது. 2025 யூன் 5 ஆம் திகதி அதற்கு 45813 என்னும் எண். 14 கூட்டினால் 45827, அஃதாவது யூன் 19. எஃப் நிரலில் இத்தகைய பெரிய எண் தோன்றினால் பிழையென்று அஞ்ச வேண்டாம். அந்நிரலைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் நாள் தோன்றும்.

3. மூன்று விதிகள்

ஏ2 கலத்திலிருந்து ஜி200 கலம் வரை முழுவதையும் தெரிந்தெடுக்க. எக்செல்லில் ஹோம் பகுதியிலுள்ள கண்டிஷனல் ஃபோர்மட்டிங், அதன்கீழ் நியூ ரூல் என்பவற்றை அழுத்தி, சூத்திரத்தால் விதி அமைக்கும் இறுதி வகையைத் தெரிக. கூகிள் ஷீட்ஸில் ஃபோர்மட் பட்டியலிலுள்ள கண்டிஷனல் ஃபோர்மட்டிங் என்பதைத் திறந்து, கஸ்டம் ஃபோர்முலா இஸ் என்பதைத் தெரிக. பின்னர் பின்வரும் விதிகளை ஒவ்வொன்றாக இட்டு, அதற்குரிய நிறத்தைக் கொடுக்க.

பச்சை (அறுக்கலாம்): =ஆண்ட்($சி2<>"",$ஈ2<>"",$எஃப்2<=டுடே())

சிவப்பு (பொறுக்க வேண்டும்): =$எஃப்2>டுடே()

சாம்பல் (அறுவடை முடிந்தது): =$ஜி2<>""

டுடே என்பது அன்றைய தேதியைத் தரும் கட்டளை. ஆண்ட் என்பது அடைப்புக்குள் உள்ள எல்லா நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும் என்பதைக் குறிக்கும். <>"" என்பது கலம் வெறுமையாக இல்லை என்று பொருள்படும். ஆகவே பச்சை விதியின் பொருள் யாதெனில், தெளித்த நாள் எழுதப்பட்டிருக்க வேண்டும். காத்திருப்பு நாட்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். அறுவடைக்குரிய நாளும் வந்திருக்க வேண்டும் என்பதாம்.

விதிப்பட்டியலில் சாம்பல் விதி எல்லாவற்றுக்கும் மேலே இருத்தல் வேண்டும். ஏனெனில், இரு விதிகள் ஒரே நிரைக்குப் பொருந்தினால் பட்டியலில் மேலே உள்ளதே செல்லும்.

4. டொலர் அடையாளத்தின் பயன்

இம்முறையில் மிகுதியாக நேரும் பிழை டொலர் அடையாளத்தைப் பற்றியதே. அது முளையைப் போன்றது. பாத்தியில் நேராக நாற்று நடுவதற்கு முளை அடித்துக் கயிறு கட்டுவது போல, நிரலின் எழுத்துக்கு முன் $ இட்டால் அந்நிரல் அசையாது நிற்கும். நிரையின் எண்ணுக்கு முன் $ இடாவிட்டால் அது நிரைக்கு நிரை நகரும்.

$எஃப்2 என்று எழுதினால், இரண்டாம் நிரையின் எல்லாக் கலங்களும் எஃப்2 ஐயே பார்க்கும்; மூன்றாம் நிரையின் எல்லாக் கலங்களும் எஃப்3 ஐப் பார்க்கும். ஆகவே நிரை முழுவதும் ஒரே நிறமாகும். முளையே இல்லாமல் எஃப்2 என்று எழுதினால், முதற்கலம் எஃப் நிரலையும் அடுத்த கலம் ஜி நிரலையும் பார்க்க, நிறம் ஆங்காங்கே சிதறும். $எஃப்$2 என்று இரண்டு முளை அடித்தாலோ, தாளின் எல்லா நிரைகளும் இரண்டாம் நிரையின் நிறத்தையே ஏற்கும்.

தெரிந்தெடுத்த பகுதி எந்நிரையில் தொடங்குகின்றதோ அந்நிரையின் எண்ணே சூத்திரத்திலும் இருத்தல் வேண்டும். பகுதியை முதலாம் நிரையிலிருந்து தெரிந்து, சூத்திரத்தில் 2 என எழுதினால், ஒவ்வொரு நிரையும் தனக்குக் கீழுள்ள நிரையின் நிறத்தைக் காட்டும். ஒரு துண்டின் பச்சை இன்னொரு துண்டின்மேல் விழும்.

5. ஓர் எடுத்துக்காட்டு

2025 யூன் 12 ஆம் திகதி ஒரு கமக்காரர் தம் கணக்கைத் திறக்கின்றார் எனக் கொள்வோம். இங்கு தரப்படும் நாட்களின் அளவு கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உரிய அளவைச் சுட்டுத்துண்டிலேயே காண்க.

துண்டு 1, லீக்ஸ்: தெளித்தது யூன் 5, காத்திருப்பு 14 நாட்கள், அறுவடைக்குரிய முதல் நாள் யூன் 19. நிரை சிவப்பு.

துண்டு 2, கரட்: தெளித்தது மே 20, காத்திருப்பு 14 நாட்கள், அறுவடைக்குரிய முதல் நாள் யூன் 3. நிரை பச்சை.

துண்டு 3, உருளைக்கிழங்கு: தெளித்தது யூன் 8; காத்திருப்பு நாட்கள் எழுதப்படவில்லை. நிரைக்கு நிறமில்லை.

துண்டு 4, கோவா: தெளித்தது மே 10, காத்திருப்பு 14 நாட்கள், அறுவடை யூன் 2 ஆம் திகதி முடிந்தது. நிரை சாம்பல்.

துண்டு 5, போஞ்சி: இதற்கு இரு நிரைகள். யூன் 1 ஆம் திகதி தெளித்த மருந்துக்கு 21 நாட்கள், முதல் நாள் யூன் 22, நிரை சிவப்பு. யூன் 5 ஆம் திகதி தெளித்த வேறொரு மருந்துக்கு 3 நாட்கள், முதல் நாள் யூன் 8, நிரை பச்சை.

ஐந்தாம் துண்டைக் கவனிக்க. பிந்திய தெளிப்பை மட்டும் பார்ப்பவர் போஞ்சியைப் பறித்துவிடுவார். ஆனால் முந்திய மருந்தின் காலம் இன்னும் கழியவில்லை. ஆகவே, ஒரு துண்டுக்குரிய எல்லா நிரைகளும் பச்சையாக இருந்தாலன்றி அத்துண்டில் அறுவடை செய்யலாகாது. ஒரு நிரை சிவந்திருப்பின் துண்டு முழுவதும் சிவந்ததாகவே கொள்க. ஒரே துண்டின் நிரைகள் அடுத்தடுத்து வருமாறு ஏ நிரல்வழி வரிசைப்படுத்தி வைப்பது நன்று.

6. நிறமில்லாத நிரை அனுமதி அன்று

இப்பிரசுரத்தில் கூறப்படுவனவற்றுள் தலையாயது இதுவே. சிவப்பு இல்லையே, ஆகவே பறிக்கலாம் என்று எண்ணுவது ஆபத்தானது.

விரிதாளில் பிழை நேர்ந்தால் அது கூக்குரலிடுவதில்லை. நிறமிடாமல் வாளா இருந்துவிடும். தேதியைக் கணினி தேதியாக ஏற்காதபோது எஃப் நிரலில் பிழைக்குறி தோன்றும். அந்நிரைக்குச் சிவப்பும் வராது, பச்சையும் வராது. காத்திருப்பு நாட்கள் எழுதப்படாத மூன்றாம் துண்டின் நிலையும் அதுவே. மேலே தந்த விதிகள், வேண்டிய செய்திகள் யாவும் இருந்தாலன்றிப் பச்சை தோன்றாதவாறு அமைக்கப்பட்டமை இதன்பொருட்டேயாம். பச்சையைக் கண்டால் மட்டுமே அறுவடை; நிறமில்லையேல் காரணத்தைக் கண்டறியும்வரை அறுவடை இல்லை. இதை வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

7. தேதியில் நேரும் மயக்கம்

நிறமின்மையிலும் கொடியது பொய்யான பச்சை. அது பெரும்பாலும் தேதியால் வருவது. இந்நாட்டில் முதலில் நாளும் பின்னர் மாதமும் எழுதுவது வழக்கம். அமெரிக்க முறைக்கு அமைந்த கணினியோ முதலில் வருவதை மாதமாகக் கொள்ளும்.

யூன் 5 ஆம் திகதி தெளித்த கமக்காரர் 5/6 என்று தட்டுகின்றார். அமெரிக்க முறைக் கணினி அதை மே 6 எனக் கொள்ளும். 14 நாட்கள் கூட்டினால் மே 20. அது எப்போதோ கழிந்த நாள். ஆகவே மருந்து தெளித்த அன்றே நிரை பச்சையாகத் தோன்றும். யூன் 19 வரை பொறுக்க வேண்டிய லீக்ஸ் அன்று மாலையே லொறியேறக்கூடும்.

இதைத் தடுக்கச் சி, எஃப் நிரல்களின் தேதி வடிவத்தை மாதத்தின் பெயர் தோன்றும்படி மாற்றி வைக்க. தேதியைத் தட்டியவுடன் மாதத்தின் பெயரை வாசித்துப் பார்ப்பதை வழக்கமாக்குக. இன்று தெளித்து இன்றே எழுதிய நிரை பச்சையானால் அது பிழையென்று உடனே அறிக. கைத்தொலைபேசியில் அன்றைய தேதி சரியாக உள்ளதா என்பதையும் பார்க்க. டுடே என்னும் கட்டளை சரியான நாளைத் தருவதைக் கொண்டே நிறங்கள் யாவும் அமைகின்றன.

8. சோதித்த பின்னரே நம்புக

விதிகளை இட்டபின், மூன்று பொய் நிரைகளை எழுதிச் சோதிக்க. முதலாவதில் இன்று தெளித்ததாகவும் காத்திருப்பு 14 நாட்கள் எனவும் எழுதுக. அது சிவக்க வேண்டும். இரண்டாவதில் 20 நாட்களுக்கு முன் தெளித்ததாகவும் காத்திருப்பு 14 நாட்கள் எனவும் எழுதுக. அது பச்சையாக வேண்டும். மூன்றாவதில் காத்திருப்பு நாட்களை எழுதாமல் விடுக. அது நிறமின்றி இருத்தல் வேண்டும். மூன்றும் சரியாயின் அவற்றின் சி, ஈ கலங்களை வெறுமையாக்கிக் கணக்கைத் தொடங்குக.

ஆண்களிற் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தோன்றா. அத்தகையோர் குடும்பத்தில் இருப்பின், பச்சைக்குப் பதிலாக நீலமும் சிவப்புக்குப் பதிலாக மஞ்சளும் கொள்க. தாளைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் நிறம் போய்விடும். அப்போது எஃப் நிரலின் தேதியையே வாசித்தல் வேண்டும். மருந்துப் பொதிகளிலுள்ள நிறப்பட்டை மருந்தின் நச்சுத்தன்மையைக் காட்டுவது. அதற்கும் இத்தாளின் நிறத்துக்கும் தொடர்பில்லை.

9. நெற்செய்கையில் இம்முறை

வலப்பனை, அங்குராங்கெத்தை முதலிய தாழ்ந்த பகுதிகளின் நெற்கமக்காரரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். மருந்து தெளித்த வயலுக்கு மேற்கூறிய தாளே போதும். மேற்கட்டுப் பசளைக்கு வேறொரு தாள் வைத்து, ஈ நிரலில் பசளை இடவேண்டிய நாளையும் எஃப் நிரலில் இட்ட நாளையும் எழுதுக. அதன் விதி =ஆண்ட்($ஈ2<>"",$எஃப்2="",$ஈ2<=டுடே()+3) என்பதாம். பசளை இடுவதற்கு மூன்று நாள் இருக்கும்போதே நிரை நிறம் மாறி, இடும்வரை அந்நிறத்திலேயே நிற்கும்.

இங்கே சிவப்பைப் பயன்படுத்தாதிருப்பது நலம். ஒரு தாளில் பொறு என்று சொல்லும் நிறம் இன்னொரு தாளில் செய் என்று சொன்னால் மயக்கம் விளையும். செம்மஞ்சள் நிறம் இதற்குப் பொருந்தும்.

நாள் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் நைதரசன் பசளை இடுதல் சிக்கனமன்று. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை நிற அட்டையை 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை இலையோடு ஒப்பிட்டு, குறித்த நிறத்திலும் இலை வெளிறியிருந்தால் மட்டும் இடும் முறையும் உண்டு. தாளின் நிறம் கமக்காரரை வயலுக்கு அழைக்கும். வயலில் முடிவு கூறுவது இலையின் நிறமே.

10. கணக்கின் உண்மை எழுதுபவர் கையில்

விதி எவ்வளவு திருத்தமாயினும், எழுதாத தெளிப்பை அது அறியாது. ஆகவே தெளித்தவர், உடலைக் கழுவி உடைமாற்றியதும், அன்றே கணக்கில் எழுதுதல் வேண்டும். காத்திருப்பு நாட்களை அயலவரிடமோ கடைக்காரரிடமோ கேட்டு எழுதாது, சுட்டுத்துண்டைப் பார்த்தே எழுதுக. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட மருந்தையே வாங்குக. சுட்டுத்துண்டு கிழிந்தோ அழிந்தோ போயிருப்பின் ஈ கலத்தை வெறுமையாக விட்டு, பகுதிக்குரிய விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையிலோ கேட்டறிக.

இவ்வாறு பேணப்படும் கணக்குக்கு வேறு பயனும் உண்டு. நல்விவசாயச் செய்கைமுறைச் சான்றிதழ் பெற விரும்புவோர் தெளிப்பு விபரங்களைப் பதிந்து வைத்தல் வேண்டும். அதற்கு இத்தாளே அடிப்படையாகும்.

சுருக்கம்

(1) ஒவ்வொரு தெளிப்புக்கும் ஒரு நிரை எழுதுக.
(2) நிரலின் எழுத்துக்கு முன் மட்டும் டொலர் முளை அடிக்க.
(3) பகுதியின் முதல் நிரையும் சூத்திரத்தின் எண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும்.
(4) மாதத்தின் பெயரை வாசித்துத் தேதியைச் சரிபார்க்க.
(5) துண்டின் எல்லா நிரைகளும் பச்சையானால் மட்டுமே அறுவடை செய்க.
(6) நிறமில்லாத நிரையை அனுமதியாகக் கொள்ளற்க.

லொறி நாளையும் வரும். இன்று தவறிய விலை இன்னொரு நாள் கிடைக்கும். காலம் கழியாமல் பறித்து அனுப்பிய மரக்கறியைத் திரும்பப் பெற வழியில்லை.